மாலைக்கண் வந்த வருஷம்

என் மூத்த மகளுக்கு நாலு வயது முடிவதற்குள் வலது கண் போய்விட்டது. கல் படவில்லை, முள் குத்தவில்லை. நான் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, மை தீட்டி, மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதே போயிற்று. இதை எழுத வேண்டுமென்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு வேலை எதுவும் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. நாங்கள் மத்திகிரியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மாட்டுப் பண்ணையில், கன்றுக் கொட்டகையில் வேலை. நான் ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். வெயில் எனக்குப் பழக்கம். மத்திகிரிக் குளிரும் பனியும்தான் முதல் வருஷம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓடு போட்ட ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். தண்ணீர் சிந்திச் சிந்தி அந்த மரம் வருஷம் முழுக்கத் தழைத்துக் கிடக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி தளியிலிருந்து வந்தவள். வீட்டில் கன்னடம் பேசுவாள், என்னிடம் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. என் மகளை அவளும் அவள் பிள்ளையை நானும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிந்த காலம்.

அந்த வருஷம் மழை இல்லை. சுற்று வட்டாரத்தில் புல் காய்ந்துபோய், கிராமத்து ஆட்கள் நோஞ்சான் கன்றுகளைப் பண்ணை டாக்டரிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் அப்படி வந்த கன்று ஒன்றைப் பற்றி என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்.

"பகல்ல நல்லாத்தான் நடக்குது. பொழுது சாஞ்சதும் தொட்டியில போயி முட்டுது. கயித்தப் பிடிச்சு இழுத்தா பயந்து நடுங்குது. டாக்டரு டார்ச் லைட் அடிச்சுப் பாத்துட்டு, இதுக்கு மாலைக்கண்ணுன்னாரு."

"மாட்டுக்கு வருமா அது?" என்று கேட்டேன்.

"பச்சையே திங்காம வெறும் வைக்கோலத் தின்னா வருமாம். விட்டா முழுசாவே போயிருமாம். பச்சைத் தீவனம் போடச் சொல்லி, மீன் எண்ணெயும் ஊத்தச் சொன்னாரு. மூங்கில் கொட்டத்துல எடுத்து அது வாய்க்குள்ள ஊத்துனேன். நாத்தம் கையை விட்டுப் போகமாட்டேங்குது, மோந்து பாரு."

கையை நீட்டினார். நான் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தேன். மகள் மடியில் உட்கார்ந்துகொண்டு தானும் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கன்று பத்து நாளில் தேறிவிட்டது என்று பிறகு சொன்னார்.

மகளுக்கு அந்தச் சமயத்தில் வயிறு சரியில்லை. நாலு நாள் நன்றாக இருப்பாள், மறுபடி வயிற்றோட்டம் வந்துவிடும். மாசக்கணக்கில் இப்படியே போயிற்று. கீரை கொடுத்தால் வயிறு இளகும் என்று என் பிறந்த வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். முட்டை சூடு என்றார்கள். பால் மந்தம் என்றார்கள். ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியில் அவள் சாப்பாடு களியும், புளி கரைத்த ரசமும், சில நாள் வெறும் கஞ்சியும் என்று ஆகிப்போனது. முருங்கைக் கீரையை வாரத்துக்கு இரண்டு நாள் ஆய்வேன். பொரியல் செய்து அவருக்கும் எனக்கும் வைத்துக்கொள்வேன். அவள் எங்கள் தட்டைப் பார்த்துக் கை நீட்டினால், "உனக்கு வேணாம் சாமி, வயித்துக்கு ஆகாது" என்று நகர்த்தி வைப்பேன். பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற நினைப்போடுதான் அதைச் செய்தேன்.

பிறகு அவள் நடத்தையில் ஒரு மாற்றம் தெரிந்தது. பகலெல்லாம் தளிக்காரி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பவள், விளக்கு வைக்கிற நேரம் வந்தால் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் வரமாட்டாள். தட்டை முன்னால் வைத்தால் கையால் துழாவித்தான் எடுப்பாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். சோம்பேறித்தனம் என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிமினி விளக்கு. அடுப்படியில் வைத்தால் மற்ற இடம் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் எனக்கே சரியாகத் தெரியாது, அவளுக்குச் சுத்தமாகவே தெரியவில்லை என்பது எப்படிப் புரியும்?

ஒரு நாள் குழம்புச் சட்டியை இறக்கித் தரையில் வைத்திருந்தேன். அவள் எழுந்து வந்தவள் நேராக அதில் காலை வைத்துவிட்டாள். நல்லவேளை, ஆறியிருந்தது. சட்டி கவிழ்ந்து குழம்பெல்லாம் தரையில் ஓடிற்று.

"கண்ணு பொடதியிலயா இருக்கு உனக்கு?" என்று கத்திக்கொண்டே முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

அவள் அழவில்லை. எந்தப் பக்கமிருந்து அடி வந்தது என்று தேடுகிற மாதிரி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அன்றைக்கு அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கண்ணின் வெள்ளையில், கருவிழிக்குப் பக்கத்தில், சோப்பு நுரை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சாம்பல் திட்டும் இருந்தது. குளிப்பாட்டும்போது பார்த்தேன். சோப்புதான் என்று முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. அழுக்கு என்று நினைத்து அதன் மேல் மை தீட்டினேன்.

கண்ணுக்கு நாங்கள் அப்போது செய்த பராமரிப்பெல்லாம் இவ்வளவுதான். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கண்ணிலும் ஒரு சொட்டு. வீட்டிலிருக்கிற எல்லாருக்கும் ஒரே மைச்சிமிழ், ஒரே விரல். தூசி விழுந்தால் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றுவோம். அவர் கன்றுகளுக்குத் தீவனம் அள்ளி வரப் போனால், அந்தத் தூசியில் கண் சிவந்து வருவார். ஒரு துண்டால் முகத்தை அழுத்தித் துடைப்பார். அதே துண்டால் நான் மகள் முகத்தைத் துடைப்பேன். இதில் எதையும் தப்பு என்று எங்களுக்குச் சொன்னவர்கள் கிடையாது. நாங்களும் யாரையும் கேட்டதில்லை.

மாசி முடிகிற சமயத்தில் எங்கள் வரிசையில் தட்டம்மை வந்தது. மணல்வாரி என்போம் எங்கள் பக்கத்தில். முதலில் கடைசி வீட்டுப் பையனுக்கு, அப்புறம் என் மகளுக்கு. மேலெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி பொரிந்துவிட்டது. காய்ச்சல் கொதித்தது. அம்மை வந்த வீட்டுக்கு டாக்டர் இல்லை, ஊசி இல்லை. வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிதம் நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தி, பிள்ளையை வேப்பிலையில் படுக்க வைத்து, கஞ்சித் தண்ணீரும் இளநீரும் கொடுத்தோம்.

இரண்டாம் நாளிலிருந்து அவள் கண் திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் கத்தினாள். பீளை தள்ளி இமை ஒட்டிக்கொண்டது.

"அம்மா, கண்ணுக்குள்ள மண்ணு இருக்குது. எடும்மா."

"மண்ணு இல்ல சாமி, அம்மை. எறங்கும்போது சரியாயிரும்."

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அம்மை இறங்கினால் கண் தானாகத் திறக்கும். ஒருத்தி நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்துப் பிழிந்து ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். தளிக்காரி தன் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "தாய்ப்பால் குளிர்ச்சி அக்கா, ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, என் மகளின் இமையைப் பிரித்துத் தன் பாலைப் பீய்ச்சினாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நாலு நாள். அவள் பிள்ளைக்கும் தொற்றிவிடுமே என்று நான் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. அவ்வளவு பிரியம் அவளுக்கு என் மகள் மேல்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை ஊற்றி, மகளை வாசலில் உட்கார வைத்து, ஈரத்துணியால் இமையை மெதுவாக நனைத்து நனைத்துப் பிரித்தேன். இடது கண் பாதி திறந்தது. கருவிழி பளபளப்பே இல்லாமல், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. வலது கண்ணைத் திறந்தேன். அங்கே கருவிழியே இல்லை. வெந்த முட்டை மாதிரி வெள்ளையாக, குழைந்துபோன ஏதோ ஒன்று இருந்தது.

நான் கத்தினேனா, இல்லையா என்று ஞாபகமில்லை. தளிக்காரி ஓடி வந்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாரோ பண்ணைக்கு ஓடினார்கள்.

அவர் வேலை உடுப்போடு வந்தார். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கண்ணையும் பார்த்தார். தொடவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்.

"ராத்திரி ஆனா இவளுக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

நான் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல. பொழுது சாஞ்சா தடவித் தடவி நடந்தாளா?"

"நடந்தா."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முந்தியிருந்து."

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "கன்னுக்குட்டிக்கு வந்ததுதான் இது" என்றார். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓசூர் ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் ஈரச் சேலையோடு பின்னால் ஓடினேன்.

ஓசூரில் பார்த்தவர்கள், தாமதிக்காமல் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அவளுக்கு வெளிச்சம் பட்டுவிடாமல் என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அத்திப்பள்ளி தாண்டும்போது, "அம்மா, விளக்கு வெச்சாச்சா?" என்று கேட்டாள். நடு மத்தியானம் அது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். பிள்ளை என்ன சாப்பிடும், எத்தனை நாளாக வயிற்றோட்டம், கண்ணில் என்னென்ன ஊற்றினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூவைச் சொன்னேன். பாலைச் சொன்னேன். சட்டியில் கால் வைத்ததைச் சொன்னேன். அதற்காக அடித்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது.

"வலது கண் போச்சும்மா. இனிமே அதுல பார்வை வராது" என்றார் டாக்டரம்மா. "இடது கண்ணைக் காப்பாத்தப் பாக்கறேன். மருந்து உள்ள போகணும். கண்ணுல ஊத்தற மருந்து ரெண்டாவதுதான். வயித்துக்குள்ள போறதுதான் முக்கியம்."

"பால் ஊத்துனதாலயா போச்சு?" என்று கேட்டேன்.

"அதனால மட்டும் போகலை. கண்ணுக்கு வேண்டிய சத்து உடம்புல இல்லை. இருந்த கொஞ்சத்தையும் அம்மை தின்னுடுச்சு. ஆனா இனிமே பால், பூ, எண்ணெய், எதையும் ஊத்தாதீங்க. கண்ணுக்குச் சுத்தமான தண்ணியே போதும்."

பிறகு தினமும் என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னார். கீரை, பப்பாளி, மாம்பழக் காலத்தில் மாம்பழம், காரட் கிடைத்தால் காரட், முட்டை. வயிற்றோட்டம் இருந்தாலும் நிறுத்தக்கூடாது. மசித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

"உங்க பக்கம் கீரை கிடைக்குமா? முருங்கை மரம் இருக்கா?"

"இருக்குங்க" என்றேன். "வீட்டுக்குப் பின்னாலயேதான் இருக்குங்க."

நர்ஸ் ஒரு பாட்டிலும் கரண்டியும் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தவுடனே அந்த வாடை வந்தது. மீன் எண்ணெய். என் வீட்டுக்காரர் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவே இல்லை.

மூன்று வாரம் அங்கே இருந்தோம். இடது கண் மெல்லத் தெளிந்தது. ஒரு நாள் சாயங்காலம் என் மூக்குத்தியைத் தொட்டு, "இது மின்னுது" என்றாள். கருவிழியின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. மற்றபடி பார்வை தப்பியது. வலது கண் சுருங்கி உள்ளே போய், இமை அதன் மேல் படிந்துவிட்டது.

வெகு காலம் கழித்து, அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அந்த அடியைப் பற்றி அவளிடமே சொன்னேன். யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டுவிட்டு, "அடி ஞாபகம் இல்லம்மா. கால்ல குழம்பு பிசுபிசுன்னு இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

மத்திகிரிக்குத் திரும்பிய பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் தெனமும் அந்தக் கொட்டகையில நின்னேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். "நான் தெனமும் வீட்ல இருந்தேன்" என்றேன். அவ்வளவுதான். தீவனம் வெட்டுகிற பக்கம் வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். கன்றுகளின் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

டாக்டரம்மா சொன்னதை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை. விடிந்ததும் முதல் வேலை முருங்கைக் கீரை ஆய்வது. களியோடு மசித்த கீரை, அதன் மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய். மகள் துப்புவாள், நான் மறுபடி ஊட்டுவேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பப்பாளிக் கன்று வைத்தேன். மைச்சிமிழைத் தூக்கிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். சுவரில் மூன்று ஆணி அடித்து, மூன்று பேருக்கும் தனித்தனித் துண்டு மாட்டினேன். மகளுடைய துண்டில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் தைத்தேன். அவர் தீவனத் தூசியோடு வந்தால், கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அவள் கண்ணைக் கசக்கினால் கையைப் பிடித்துவிடுவேன். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த துணியால், மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஒரே தடவை துடைத்துவிட்டு, அந்தத் துணியைக் கொதிநீரில் போடுவேன். தினமும் சாயங்காலம், விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், அரிசிப்பொரியைத் தரையில் இறைத்துப் பொறுக்கச் சொல்வேன். தடவாமல் பொறுக்குகிறாளா என்று பார்ப்பேன். அவளுக்கு அது விளையாட்டு. நான் கடைசிப் பொரி வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

தளிக்காரியோடு பேசுவதை விட்டுவிட்டேன். பாலினால் மட்டும் கண் போகவில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியும் விட்டுவிட்டேன். கோபத்தை வைப்பதற்கு எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அவள் என் எதிரில் வர அஞ்சி, நான் கிணற்றடியில் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீர் இறைக்க வருவாள். அவள் பிள்ளையை நான் தூக்குவதில்லை. அவளும் என் மகளைத் தூக்குவதில்லை.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் அவள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. தத்தித் தத்தி நடக்கிற வயது, பால்குடி மறந்திருந்தான். ஒரு நாள் அந்தி நேரம் நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவன் அவர்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து இறங்கி வந்தான். அவன் அம்மா நாலடி தூரத்தில் நின்று கையை நீட்டிக் கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கமாக ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தவன், அவளைத் தாண்டிப்போய் முருங்கை மரத்தில் முட்டி உட்கார்ந்துவிட்டான்.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினேன்.

"உன் பிள்ளைக்குச் சாயங்காலம் கண்ணு தெரியல."

அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். "என்ன பேச்சு பேசறே அக்கா?"

"என் மகளுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"உன் பொண்ணுக்கு ஆனது என் பிள்ளைக்கும் ஆகணுமா? இத்தன நாள் பேசாம இருந்துட்டு, இதச் சொல்லத்தான் வாய் தொறந்தியா? கண்ணு வெக்காதே அக்கா. கும்பிடறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடிக்கிற சத்தம் கேட்டது. என் கண்ணுக்குத்தான் சுற்றிப் போட்டாள். நான் அவள் கதவுக்கு வெளியில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"தட்டுல பொரியப் போட்டு அவன் முன்னால வை. இப்பவே வை. அவனாப் பாத்து எடுத்தான்னா, நான் இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்கல."

மறுநாள் காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. முகம் வீங்கியிருந்தது. வாளியை வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு, அவளோடு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுக்கும் அதே எண்ணெயைத்தான் கொடுத்தார்கள். தினமும் எத்தனை கரண்டி என்று அவளுக்குச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டு ஞாபகம் வைத்துக்கொண்டேன். கீரையை எப்படி மசிப்பது என்று வீட்டுக்கு வந்து செய்து காட்டினேன்.

நாலைந்து நாளில் அந்தி வெளிச்சத்தில் அவன் ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினான். தளிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பாதிப் பொய். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இவ்வளவு சுலபமா, நாலு நாள்தானா, ஒரு பாட்டில் எண்ணெயும் நாலு பிடி கீரையும்தானா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளையின் இரண்டு கண்ணையும் என்னால் வெகு நாள் நேராகப் பார்க்க முடியவில்லை. அவளும் நானும் மறுபடி பேச ஆரம்பித்தோம், ஆனால் பழைய மாதிரி இல்லை. அடுத்த வருஷம் அவள் புருஷன் ஊரோடு போய் காய்கறி விவசாயம் பார்ப்பதாகச் சொல்லி எல்லாரையும் கூட்டிக்கொண்டு தளிக்கே போய்விட்டான். போகிற அன்று என் மகளைத் தூக்கி, மூடிய இமையின் மேல் ஒரு முத்தம் வைத்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் தயங்கினார்.

"ஒத்தக் கண்ணு. போர்டு தெரியுமா? பசங்க கேலி பண்ணுவாங்க. இன்னும் ஒரு வருஷம் வீட்லயே வெச்சுக்கலாமே."

என் வீட்டுக்காரர் வழக்கமாக யாரிடமும் எதிர்த்துப் பேசாதவர். அன்றைக்கு, "முன்னால உக்கார வெச்சா தெரியுங்க. நீங்க எழுதுங்க, அவ படிக்கலன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். வாத்தியார் கரும்பலகையில் அ என்று எழுதினார். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து, "அ" என்றாள்.

கேலி பண்ணத்தான் செய்தார்கள். பொட்டைக்கண்ணி என்று கூப்பிட்டார்கள். முதல் மாதம் அழுதுகொண்டு வந்தாள், பிறகு அழாமல் வந்தாள். இரண்டில் எது எனக்கு அதிகம் வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பண்ணை வண்டிகள், சந்தை நாளில் மாட்டு வண்டிகள், அபூர்வமாக ஒரு லாரி. அவளுக்கு வலப்பக்கம் வருவது எதுவும் தெரியாது. ஆகவே அவர் காலை வேலையைப் பண்ணையில் முன்னதாகவே முடித்துவிட்டு ஓடி வருவார். அவளுடைய வலப்பக்கமாக நடந்து கூட்டிக்கொண்டு போவார். கையைப் பிடிக்கமாட்டார், சும்மா பக்கத்தில் நடப்பார். மழை, பனி, காய்ச்சல் எதுவானாலும். நாலு வருஷம் இப்படி நடந்தார்.

ஐந்தாம் வகுப்புக்குப் போன முதல் நாள் அவள் சிலேட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, "இனிமே நானே போயிக்கறேன்ப்பா. எல்லாரும் சிரிக்கறாங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். அவள் ரோட்டில் இறங்கி நடந்தாள். பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று, முகத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் திரும்பினாலும் கண்ணில் படாத தூரம் விட்டு, பின்னாலேயே போனார்.